ஆனைக்கொம்பன் ஈக்குச் சூரிய விளக்குப்பொறி வாங்கலாமா?

மேலூர்ப் பக்கம் பெரியாற்றுப் பாசனத்தில் சம்பா நடுபவர்களுக்கு நெற்பயிரைக் கெடுக்கும் ஆனைக்கொம்பன் ஈயைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஈக்காகவே சூரிய ஒளியில் இயங்கும் விளக்குப்பொறி ஒன்றை நாலாயிரம் ரூபாய்க்குச் சற்றுக் குறைவான விலையில் வாங்கிப் பயன்படுத்தினேன். பொறியை வைத்துவிட்டால் பூச்சியே இருக்காது என்று நம்பி வாங்குபவருக்கு இது ஏமாற்றம் தரும். வயலில் எப்போது இறங்கிப் பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள விரும்புபவருக்கு மட்டுமே இது பயன்படும்.

இந்த ஈ கொசு அளவுதான் இருக்கும். இரவில் இலையின் அடிப்பக்கத்தில் முட்டையிடுகிறது. மூன்று, நான்கு நாட்களில் பொரிக்கும் புழு, ஈரத்தோடு இலையுறைக்குள் இறங்கிக் குருத்தை அடைகிறது. அது அங்கே தின்னத் தொடங்கியதும், இலையாக விரிய வேண்டிய குருத்து உள்ளே வெறுமையான குழலாக நீண்டு, வெங்காயத் தாளைப் போல வெளுப்பாக மேலே வருகிறது. அந்தத் தூரில், அதாவது கிளைத்த அந்தத் தண்டில், கதிர் வராது. குழல் கண்ணுக்குத் தெரியும்போது இழப்பு நேர்ந்து முடிந்திருக்கும் என்பதால், தாய் ஈ வந்து சேரும் நாளைக் காட்டும் கருவி எதுவானாலும் அதற்கு மதிப்பு உண்டு.

பொறியில் எனக்குப் பிடித்தவை இரண்டு. அந்தி சாய்ந்ததும் தானாக எரிந்து, ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் தானாக அணைந்துவிடுவதால், பின்னிரவில் நடமாடும் நன்மை செய்யும் பூச்சிகள் வீணாக மடிவதில்லை. அடுத்தது, பூச்சியைப் பையில் நசுக்காமல் தண்ணீர்த் தட்டில் விழச் செய்யும் அமைப்பு. உடன் கொடுத்த கரும்பச்சைத் தட்டை எடுத்துவிட்டு வெள்ளைத் தட்டு வைத்து, தண்ணீரில் சில சொட்டுச் சோப்புக் கரைசல் விட்டால், செந்நிற வயிறுடைய பெண் ஈக்களைக் காலையில் மற்ற சிறு பூச்சிகளிலிருந்து எளிதாகப் பிரித்துவிடலாம்.

குறைகளில் ஒன்று பெரியது. மேகமூட்டமும் தூறலும் காற்றில் ஈரமும் நிறைந்த நாட்களில்தான் இந்த ஈ பெருகும். அதே நாட்களில் பேட்டரி சார்ஜ் ஏறாமல் விளக்கு அரை மணி நேரத்தில் மங்கிவிடுகிறது. மின்சாரத்தில் சார்ஜ் செய்ய வழியே வைக்கவில்லை. தட்டில் உபரி நீர் வெளியேறத் துளையும் இல்லாததால், ஒரு நல்ல மழை பெய்தால் விழுந்த பூச்சியெல்லாம் வழிந்து போய்விடுகிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் விற்கும் பொருளை இப்படிச் செய்திருப்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

தட்டில் ஈ கூடினால் உடனே மருந்துக் கடைக்கு ஓடாமல் வயலுக்குப் போக வேண்டும். தூர் கட்டும் பருவத்தில் நூறு தூருக்குப் பத்துக் குழல் என்பது பொருளாதாரச் சேத நிலை, அதாவது மருந்தைப் பற்றி யோசிக்க வேண்டிய அளவு. குழல்கள் சிலவற்றை நகத்தால் கீறிப் பார்ப்பதும் அவசியம்: உள்ளே உயிருள்ள சிவந்த புழு இருந்தால் கவலைப்பட வேண்டியதுதான், புழு பழுப்பாகி, அதன் தோலுக்குள் நுண்ணிய கூடுகள் நெருக்கமாக அடைந்திருந்தால், பிளாட்டிகாஸ்டர் ஒரைசே என்னும் ஒட்டுண்ணிக் குளவி தன் வேலையைச் செய்துவிட்டது. ஒரு புழுவிலிருந்து பல குளவிகள் வெளிவரும். அந்த நேரத்தில் மருந்து அடித்தால் நமக்கு உதவுபவற்றைத்தான் கொல்வோம். வரப்போரக் காட்டு நெல்லிலும் அறுவடை முடிந்த வயலில் தாளடியிலிருந்து மீண்டும் துளிர்க்கும் மறுதாம்பிலும் ஈ தங்கிப் பெருகுவதை எந்த விளக்கும் தடுக்காது. அவற்றை அழிப்பது நம் கைவேலைதான்.

மல்லிகை மொட்டு ஈக்கும் எள்ளுப் பூவைக் கொப்புளமாக்கும் ஈக்கும் இதே பொறி போதும் என்று கடையில் சொல்லப்படுகிறது. அதற்காக இதை வாங்கச் சொல்ல மாட்டேன். மல்லிகைப் புழு மொட்டிலிருந்து மண்ணில் விழுந்து கூட்டுப்புழுவாவதால், நிறம் மாறி வீங்கிய மொட்டுகளைப் பறித்து அழிப்பதும் செடியடி மண்ணைக் கொத்திவிடுவதும்தான் பலன் தரும். எள்ளில் புழு கொப்புளத்துக்குள்ளேயே கூட்டுப்புழுவாகிவிடுவதால், கொப்புளங்களைக் கிள்ளி எரிக்க வேண்டும்.

நெல்லுக்காக வாங்குபவர்கள், மின்சாரத்திலும் சார்ஜ் ஏறும் மாதிரி உண்டா என்று முதலில் கேளுங்கள். நடவு முதல் தூர் கட்டி முடியும் வரைதான் இந்த ஈக்கு இது தேவைப்படும் என்பதால், பக்கத்துப் பக்கத்து வயல்காரர்கள் சேர்ந்து ஒன்று வாங்கி, தினமும் தட்டைப் பார்க்கும் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படைத்தால் செலவும் குறையும்.