தாம்பாகாண்டாவில் வாங்கிய மேசைப் பாத்திரங்கள்: ஒரு மழைக்காலத்துக்குப் பிறகு

செம்பூரில் என் மைத்துனர் நடத்தும் 14 மேசை டிபன் கடைக்கு வேண்டிய டம்ளர், டவரா, சட்னிக் கிண்ணம், உப்புக் கிண்ணம், டிஷ்யூ ஸ்டாண்ட் எல்லாவற்றையும் மும்பாதேவி கோயில் பக்கத்துத் தாம்பாகாண்டா பாத்திரச் சந்தையில், ஒரே கடையில் வாங்கினோம். ஜூன் முதல் செப்டம்பர் வரை மும்பையின் ஈரத்தில் புழங்கிப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன்.

முன்பு வேறோர் இடத்தில் வாங்கிய வெள்ளை மெலமின் கிண்ணங்களில் சாம்பாரின் மஞ்சள் ஏறி, எவ்வளவு தேய்த்தும் போகாமல், கழுவிய கிண்ணமும் கழுவாததுபோலவே தெரிந்தது. உப்புக் குப்பிகளின் மூடி ஒரே மழைக்காலத்தில் துளைகளைச் சுற்றித் துருவேறியது. அதனால் இம்முறை விலைக்கு முன்னால் எவர்சில்வரின் தரத்தையே கேட்டோம்.

304 தரத்தில் ஏறத்தாழ 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் இருக்கும்; 202 தரத்தில் நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டியிருப்பார்கள் என்பதால் விலை குறையும், ஆனால் உப்பு தங்கினால் புள்ளி விழும் வாய்ப்பு அதிகம். பொதுவாக இரண்டிலுமே காந்தம் சரியாக ஒட்டாது. எனவே காந்தத்தை வைத்து இவற்றைப் பிரித்தறிய முடியாது. அங்கு வேலை செய்யும் திருநெல்வேலித் தம்பி, "அண்ணாச்சி, நீங்களே பாத்துக்கோங்க" என்று சொல்லி, இரண்டு டம்ளர்களின் அடியிலும் சோதனைத் திரவத்தை ஒரு சொட்டு விட்டு பேட்டரியை வைத்தார். 202 சிவந்தது, மற்றது சிவக்கவில்லை. டிஷ்யூ ஸ்டாண்டுக்கும் பில் தட்டுக்கும் 202 போதும் என்று அவரே சொன்னதால் எங்களுக்குக் கணிசமான பணம் மிஞ்சியது. அந்த நேர்மைக்காகவே இந்தக் கடையை மனதாரப் பரிந்துரைக்கிறேன்.

டம்ளரைத் தேர்ந்தெடுக்கத்தான் அதிக நேரம் ஆனது. வெளிப்புறம் மடித்த விளிம்பு முழுவதும் மூடாமல் மயிரிழை இடைவெளி விட்டிருந்தால் காப்பிக் கறை அதற்குள் தங்கிவிடும் என்பதால், ஒவ்வொரு மாதிரியின் விளிம்பையும் நகத்தால் சுற்றிலும் வருடிப் பார்த்தோம். ஒன்றுக்குள் ஒன்று இறுகிக்கொள்ளும் டம்ளர்களையும் ஒதுக்கினோம். காலை ஏழு மணி நெரிசலில் அவற்றைப் பிரித்தெடுக்க யாருக்கும் நேரம் இருக்காது.

துளைக்குப்பிக்குப் பதிலாக வாங்கிய மூடியிட்ட 304 கிண்ணங்களில் இதுவரை ஒரு புள்ளியும் விழவில்லை.

குறையும் உண்டு. 120 சட்னிக் கிண்ணங்களில் ஏழு நெளிந்து வந்தன. மறுபேச்சின்றி மாற்றிக்கொடுத்தாலும், அவற்றை நாங்களே சந்தைவரை சுமந்து செல்ல வேண்டியிருந்தது. டிஷ்யூ ஸ்டாண்டின் அடி எடை போதவில்லை; மின்விசிறிக் காற்றில் சாய்கிறது. தண்ணீர் ஜக்குகளையும் அடுத்த மாதம் அங்கேயே வாங்கவிருக்கிறோம்.