குதிரையின் உடல்திறனை அளக்க டிரெட்மில்லா, ஓடுதளமா?

ஓட்டம் முடிந்ததும் நாடி எவ்வளவு சீக்கிரம் இறங்குகிறது என்று பார்ப்பதுதான் பழைய வழி. செலவில்லை. ஆனால் வெயிலும் பதற்றமும் அந்த எண்ணை எளிதில் கெடுத்துவிடும். நீண்டதூரப் பந்தயங்களில் நிமிடத்துக்கு 64 துடிப்பு என்று எல்லை வைத்துச் சோதிப்பார்கள். அது இந்தக் குதிரை மேற்கொண்டு போகலாமா என்று முடிவெடுக்கத்தான், இரண்டு குதிரைகளை ஒப்பிட அல்ல.

துல்லியம் வேண்டுமென்றால் டிரெட்மில். வேகம், சாய்வு, அறையின் வெப்பம் எல்லாம் நம் கையில். முகமூடி மாட்டி, குதிரை உச்சத்தில் எவ்வளவு ஆக்சிஜன் எடுக்கிறது என்றும் அளக்கலாம். ஆராய்ச்சிக்கு இதை மிஞ்ச வேறு இல்லை. ஆனால் முதுகில் ஆள் இல்லை, எதிர்காற்று இல்லை, தரையும் வேறு. குதிரையை முதலில் அதில் ஓடப் பழக்க வேண்டும். பயிற்சியாளருக்கு அந்த எண் எவ்வளவு தூரம் உதவும் என்பதில் எனக்குச் சந்தேகம்தான்.

ஓடுதளத்தில் நாடிமானியும் ஜிபிஎஸ்ஸும் போதும். பயிற்சியால் உச்சத் துடிப்பு பெரிதாக மாறாது. ஒரே துடிப்பில் எட்டும் வேகம்தான் கூடும். அதனால் 200 துடிப்பில் என்ன வேகம் என்று பார்க்கிறார்கள். இதில் ஒரு சிக்கல்: உச்சம் 240 உள்ள குதிரைக்கு 200 என்பது சுமார் 83 சதவீத உழைப்பு, 215 உள்ளதற்கு 93 சதவீதம். ஆகவே வெவ்வேறு குதிரைகளை இதை வைத்து எடைபோடக் கூடாது. ஒரே குதிரையின் போன மாத எண்ணோடு இந்த மாத எண்ணை, அதே தளத்தில், அதே சவாரிக்காரரோடு ஒப்பிட்டால் மட்டும் அர்த்தம் உண்டு.

அப்புறம் லாக்டேட், அதாவது கடுமையாக ஓடும்போது தசையிலிருந்து ரத்தத்தில் சேரும் ஒரு பொருள். அது லிட்டர் ரத்தத்தில் 4 மில்லிமோல் (பொருளின் அளவைச் சொல்லும் அலகு) எட்டும் வேகத்தைக் கண்டுபிடிப்பது. தசை ஆக்சிஜன் இல்லாமல் எவ்வளவு சக்தி எடுக்கிறது என்பதை நாடியைவிட இது நன்றாகக் காட்டும். ஆனால் படிப்படியாக வேகம் கூட்டிச் சில சுற்று ஓட்டி, ஒவ்வொன்றுக்கும் பின் ரத்தம் எடுக்க வேண்டும். சவாரிக்காரர் சொன்ன வேகத்தில் ஓட்டாவிட்டால் கணக்கே தப்பிவிடும்.

என் தேர்வு, வாராவாரம் நாடியும் ஜிபிஎஸ்ஸும், பயிற்சித் திட்டம் மாறும்போது மட்டும் லாக்டேட். 200 துடிப்பு வேகம் திடீரென்று குறைந்தால் பயிற்சியைக் குறை சொல்வதற்கு முன் காலில் நொண்டல் உண்டா, மூச்சுக்குழாயில் கோளாறு உண்டா என்று கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். வலியும் நாடியை ஏற்றிவிடும்.