பிலிம் ரேஞ்ச்ஃபைண்டரா, டிஜிட்டல் மிரர்லெஸ்ஸா?

தொழில்முறைப் புகைப்படக்காரர்கள் இன்னும் பிலிம் ரேஞ்ச்ஃபைண்டரைத் (லென்ஸ் வழியாக அல்லாமல், தனி ஜன்னல் வழியாகப் பார்த்துக் கையால் ஃபோகஸ் செய்யும் கேமரா) தொடுகிறார்களா? சிலர் தொடுகிறார்கள். ஆனால் சோறு போடும் கேமரா பெரும்பாலும் அதுவல்ல.

விளையாட்டு, கல்யாணம், செய்தி என்றால் பேச்சே இல்லை, மிரர்லெஸ்தான், அதாவது உள்ளே கண்ணாடி இல்லாத டிஜிட்டல் கேமரா. அதன் ஆட்டோஃபோகஸ் ஆளின் கண்ணையே தேடிப் பிடிக்கும், படமும் உடனே கைக்கு வந்துவிடும். ரேஞ்ச்ஃபைண்டரிலோ 36 படத்தோடு ரோல் முடிந்துவிடும். தூரத்தில் இருப்பதை எடுக்க 135 மி.மீ.க்கு மேல் லென்ஸ் போடுவதும் வீண் வேலை.

தெருவில் எடுக்கும்போதுதான் கதை மாறுகிறது. 1984-இல் வந்த லைக்கா எம்6-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். வியூஃபைண்டரின் (கண் வைத்துப் பார்க்கும் ஜன்னல்) நடுவில் ஒரு சின்னக் கட்டம். அதில் ஒரே மூக்கு இரண்டாகத் தெரியும். லென்ஸ் வளையத்தை மெல்லத் திருப்பினால் இரண்டும் ஒன்றாகச் சேரும், அதுதான் ஃபோகஸ். 50 மி.மீ. லென்ஸ் போட்டால் படத்தில் விழும் பகுதியைக் காட்டும் சட்டத்துக்கு வெளியே இருப்பதும் தெரியும். சைக்கிளில் வருபவர் உள்ளே நுழையும் நொடிக்காகக் காத்திருக்கலாம். ஷட்டரை அழுத்தும் கணத்திலும் காட்சி இருளாது. சத்தம் குறைவு என்பதைத்தான் எல்லோரும் பெருமையாகச் சொல்வார்கள். அது பழைய எஸ்எல்ஆரோடு (உள்ளே கண்ணாடி உள்ள கேமரா) ஒப்பிட்டால் சரி. இன்றைய மிரர்லெஸ் சத்தமே இல்லாமல் எடுக்கும்.

2022-இல் லைக்கா எம்6-ஐ மறுபடியும் தயாரிக்கத் தொடங்கியது. வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை: லென்ஸ் மூடியைக் கழற்ற மறந்தாலும் வியூஃபைண்டரில் எல்லாம் பளிச்சென்றே தெரியும். அரை ரோல் போன பிறகுதான் எனக்கு அது புரிந்தது.