பிளாக்வாட்டர் தொட்டிக்கு உலர்ந்த வாதாம் இலை: பாக்கெட்டில் போட்டிருப்பதும் தொட்டியில் நடப்பதும்

இலைச்சாறு கலந்து டீ நிறத்தில் இருக்கும் ‘பிளாக்வாட்டர்’ நீர்நிலையில் பிடித்த கார்டினல் டெட்ராவோ சாக்லேட் கௌராமியோ மாதிரி மீன் வாங்கினால், கூடவே ஒரு பாக்கெட் உலர்ந்த வாதாம் இலையையும் எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள். பிஎச் குறையும், நோய் அண்டாது, இயற்கைச் சூழல் கிடைக்கும் என்று அட்டையில் மூன்று வாக்குறுதிகள் இருக்கும். மூன்றாவதை இலை முழுசாகக் காப்பாற்றுகிறது. முதலாவது உங்கள் தண்ணீரைப் பொறுத்தது. இரண்டாவதை நம்பி மருந்தைத் தள்ளிப்போடாதீர்கள்.

இலையிலிருந்து இறங்கும் டானினும் ஹியூமிக் அமிலமும் வீரியம் குறைந்தவை. தண்ணீரில் கேஎச் (கார்பனேட் கடினத்தன்மை) 4 டிகிரிக்கு மேல் இருந்தால், அதிலுள்ள பைகார்பனேட்டே அந்த அமிலத்தைத் தின்றுவிடும். தண்ணீர் டீ நிறத்துக்கு மாறும், பிஎச் மட்டும் 7.5இலேயே நிற்கும். கார்டினல் டெட்ரா வாழும், அமேசானின் கிளை ஆறான ரியோ நெக்ரோவில் பிஎச் 4 முதல் 5 வரைதான். கரைந்த உப்பு கிட்டத்தட்ட மழைநீர் அளவுக்குக் குறைவு. அதனால் ஆர்ஓ தண்ணீரில் தொடங்கி, டிடிஎஸ் (கரைந்த உப்பின் அளவு) 20 - 40, கேஎச் 0 - 1 என்று வைத்துக்கொண்டால்தான் இலை பிஎச்சை 6க்கு அருகே இறக்கும். முதலில் வாங்க வேண்டியது கேஎச் டெஸ்ட் கிட், இலை அதற்குப் பிறகு.

நல்ல பாக்கெட்டைப் பார்த்தவுடனே கண்டுபிடிக்கலாம். தானாக உதிர்ந்து காய்ந்த இலை செம்பழுப்பாக, தோல் போலத் தடித்து, 15 - 25 செ.மீ. நீளத்தில் முழுசாக இருக்கும். மடக்கினால் சடக்கென்று ஒடியும். பச்சைத் திட்டு தெரிந்தால் மரத்திலிருந்து பறித்துக் காயவைத்தது என்று பொருள். அதில் மிச்சமிருக்கும் சாறும் சர்க்கரையும் தண்ணீரைக் கலங்கடிக்கும். பூசண வாடை, வெள்ளைப் பொடி எது இருந்தாலும் வேண்டாம். நொறுங்கிய தூள் சீக்கிரம் அழுகி ஸ்பாஞ்ச் ஃபில்டரை அடைக்கும்.

அழுக்குப் போகக் கழுவி, கொதிக்கவைத்து இறக்கிய வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்தால் போதும். ஓரிரு நாளில் தானாக மூழ்கும். மணிக்கணக்கில் வேகவைத்தால் டானின் எல்லாம் பாத்திரத்திலேயே போய்விடும். ஊறிய நீரை ஆறவைத்துத் தொட்டியிலேயே ஊற்றலாம். 50 லிட்டருக்கு ஓர் இலை போட்டு, ஒரு வாரம் பிஎச்சைப் பார்த்துவிட்டு அடுத்ததைப் போடுங்கள். ஒரேயடியாக ஐந்தாறு இலை போட்டால் பாக்டீரியா பெருகி ஆக்ஸிஜன் குறையும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கும். சில நாளில் இலைமேல் படியும் வழவழப்பான வெள்ளைப் படலத்தைத் துடைத்து எடுக்கவே வேண்டாம், குஞ்சுகளும் இறால்களும் அதை மேயும். மூன்று முதல் ஆறு வாரத்தில் நரம்பு மட்டும் மிஞ்சும். அப்போது பாதியை மட்டும் மாற்றுங்கள். ஃபில்டரில் ஆக்டிவேட்டட் கார்பன் இருந்தால் எடுத்துவிடுங்கள், நிறத்தையும் டானினையும் அது உறிஞ்சிவிடும்.

எந்தப் பாக்கெட்டிலும் போடாத ஒரு விஷயம்தான் மீன்களை அதிகம் கொல்கிறது. பிஎச் 6க்குக் கீழே போனால் அம்மோனியாவைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் மந்தமாகிவிடும். கழிவு தேங்கினாலும் அது அம்மோனியம் வடிவில் இருப்பதால் மீனுக்குப் பெரிதாகத் தெரியாது. அந்த நிலையில் பிஎச் 7.5 உள்ள குழாய்த் தண்ணீரால் பாதித் தொட்டியை மாற்றினால், தேங்கிய அம்மோனியத்தின் ஒரு பகுதி விஷமான அம்மோனியாவாக மாறும். தண்ணீர் தெளிவாகவே இருக்கும், மீன்கள் மட்டும் செத்து மிதக்கும். வாரம் 10 - 15 சதவீதம் மட்டும், அதே டிடிஎஸ், அதே பிஎச் உள்ள தண்ணீரால் மாற்றுங்கள். மீன் எண்ணிக்கையையும் தீனியையும் குறைவாகவே வையுங்கள்.

நோய் விஷயத்துக்கு வருவோம். பூஞ்சையை லேசாகக் கட்டுப்படுத்துவதால் முட்டைகளுக்கு இலை நல்லது. இயற்கை நீரில் பிடித்த மீன்களோ குடற்புழுவோடு வரக்கூடியவை. ஆசனவாயில் சிவப்பு நூல் போல நீட்டிக்கொண்டிருந்தால் அது கமலானஸ் புழு; அதற்கு லெவமிசோல்தான் வேண்டும், இலை ஒன்றும் செய்யாது. நான்கு வாரமாவது தனித் தொட்டியில் வைத்துப் பாருங்கள். அந்தத் தொட்டியிலும் ஓர் இலை கிடக்கட்டும்: நிழலும் மறைவும் கிடைத்தால் மிரட்சி குறைந்து தீனி எடுக்கும்.

பாட்டிலில் வரும் பிளாக்வாட்டர் திரவம் மாற்றுத் தண்ணீரின் நிறத்தைச் சரிக்கட்ட உதவும். மறைவிடமும் மேய்ச்சலும் அதில் கிடையாது. இலைக்குப் பதிலாகப் போடும் ஆல்டர் மரக் கூம்புகள் அளவில் சிறியவை, வேகத்தில் பெரியவை. 10 லிட்டருக்கு ஒன்று என்பார்கள், உப்பில்லாத தண்ணீரில் அதில் பாதியோடு தொடங்குவதே பத்திரம். கேஎச்சையே ஓரளவு குறைப்பது பீட் (சதுப்பு நிலத்தில் மக்கிய தாவரக் கரி) மட்டும்தான், ஆனால் அளவு பிடிபட நாளாகும்.

100 லிட்டர் தொட்டிக்கு மாதம் இரண்டு மூன்று இலைதான் செலவாகும் என்பதால் பத்து இலைப் பாக்கெட்டே மூன்று மாதத்துக்கு மேல் வரும். மிச்சத்தை ஈரம் புகாத டப்பாவில் மூடி வையுங்கள்.