சன்ரூஃப் ஒழுகினால் காற்றா, நரம்பா, வேக்யூமா?

2024 அக்டோபர் நடுவில் சென்னைக்குக் கனமழை எச்சரிக்கை வந்தபோது, வேளச்சேரி மேம்பாலத்தின் ஓரத்தில் கார்கள் வரிசைகட்டி நின்றது நினைவிருக்கும். அந்த வரிசையில் என் காரும் இருந்தது. முந்தைய டிசம்பரில் மிக்ஜாம் புயல் எங்கள் தெருவை ஏரியாக்கிய கோலத்தைப் பார்த்தபின் யார்தான் வண்டியைக் கீழே விட்டுவைப்பார்கள்? மழை விட்டதும் எடுக்கப் போனேன். வெளியே எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கதவைத் திறந்தால் ஊறவைத்த சாக்கு நாற்றம். இடது முன் சீட்டின் மிதியடியைத் தூக்கிக் கார்பெட்டை அழுத்தினேன். விரல் இடுக்கில் தண்ணீர் ஊறி வந்தது. கீழேயிருந்து வரும் தண்ணீருக்குப் பயந்து வண்டியைப் பாலத்தில் ஏற்றினால், மேலேயிருந்து வந்த தண்ணீர் உள்ளே உட்கார்ந்திருந்தது.

அப்புறம் இரண்டு மூன்று மாதம் நான் பார்க்காத வைத்தியம் இல்லை. ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள், அநேகமாக எல்லாவற்றையும் செய்து பார்த்தேன். எது எதற்கு உதவும், எது வினையை விலைக்கு வாங்கும் என்று இப்போது ஓரளவு சொல்ல முடியும்.

முதலில் ஒரு விஷயம். கூரையில் திறந்து மூடும் சன்ரூஃப் கண்ணாடியைச் சுற்றியிருக்கும் ரப்பர், தண்ணீரை முழுசாகத் தடுப்பதற்கு வைத்ததில்லை. கொஞ்சம் உள்ளே வரும் என்று தெரிந்தேதான் சன்ரூஃபைச் செய்கிறார்கள். அப்படி வரும் தண்ணீர், கண்ணாடிக்குக் கீழே சட்டத்தில் ஓடும் ஒரு வாய்க்காலில் விழும். பெரும்பாலான வண்டிகளில் அதன் நான்கு மூலையிலும் ஒரு துளை, துளைக்கு ஒரு குழாய். மொட்டை மாடிக்கு வாட்டம் கொடுத்து மூலையில் மழைநீர்க் குழாய் இறக்குகிறோமே, அதே ஏற்பாடு. முன்பக்கக் குழாய்கள் முன்கண்ணாடியின் இருபுறமும் உள்ள தூணுக்குள் இறங்கி, கதவுக் கீல் பக்கமோ சக்கரத்தின் மேல்வளைவுக்குள்ளோ முடியும். பின்பக்கக் குழாய்கள் பின் தூண் வழியாகப் போய் பம்பர் பக்கம் முடியும். குழாய் சுண்டுவிரல் பருமன்கூட இருக்காது. சில வண்டிகளில் அதன் நுனியில் கீறல் விட்ட ஒரு ரப்பர் மூடி இருக்கும். தூசியும் பூச்சியும் ஏறாமலிருக்க வைத்தது, ஆனால் சேறு வந்து உட்காருவதும் பெரும்பாலும் அங்கேதான்.

பாலத்தில் நான் வண்டியை இறக்கம் பார்த்து நிறுத்தியிருந்தேன். வாய்க்காலில் விழுந்த தண்ணீர் முழுதும் முன் துளைகளுக்கே போயிருக்கிறது, அதில் இடதுபக்கம் அடைப்பு. சமதளத்தில் நின்றிருந்தால் மற்ற துளைகளும் பாரத்தைப் பங்கு போட்டிருக்கும். எனக்கும் விஷயம் இன்னும் ஒரு வருடம் தெரியாமலே போயிருக்கும்.

அடைத்தது புங்கம்பூ. வீட்டு வாசலில் வண்டி நிற்பது புங்க மரத்தடியில். நிழலுக்கு அதைவிட நல்ல மரம் கிடையாது என்றுதான் இன்றும் சொல்வேன். ஆனால் கோடையில் பொரி சிதறினதுபோல் பூ கொட்டும். அது வாய்க்காலுக்குள் போய்க் காய்ந்து, தெருத்தூசியோடு சேர்ந்து, முதல் மழையில் கேழ்வரகுக் களி பதத்துக்கு வந்துவிடுகிறது.

எந்த வைத்தியத்துக்கும் முன்னால், அது எந்தத் தண்ணீர் என்று பாருங்கள். நான் முதலில் ஏமாந்தது இங்கேதான். ஏசி தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்தாலும் நம் ஊர் வண்டிகள் பலவற்றில் அதே இடது முன்பக்கம்தான் நனையும். ஏசி மெக்கானிக் அந்தக் குழாயைக் குத்திவிட்டார், காசு வாங்கினார். அடுத்த மழைக்கு மறுபடி ஈரம். மழையே இல்லாத நாளில் ஏசி போட்டு ஓட்டிய பிறகு நனைந்தால் அது ஏசி. நிறுத்திவைத்த வண்டி மழைக்குப் பின் நனைந்திருந்தால் மேலே பாருங்கள். வைப்பருக்குக் கீழே இருக்கும் தட்டில் இலை அடைத்தாலும் இப்படி உள்ளே வர வழியுண்டு; அதையும் ஒரு முறை கையால் துழாவிவிடுவது நல்லது.

அடுத்து டம்ளர் சோதனை. சன்ரூஃபைத் திறந்து, மூலைத் துளைக்குப் பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். ஒருவர் கீழே குனிந்து பார்க்கட்டும். கொஞ்ச நேரத்தில் கீழே கொட்டினால் குழாய் நன்றாக இருக்கிறது. வாய்க்காலிலேயே தேங்கி நின்றால் அடைப்பு. மேலே மடமடவென்று இறங்கிவிட்டது, கீழே மட்டும் ஒரு சொட்டும் வரவில்லை என்றால் உடனே நிறுத்திவிடுங்கள்: குழாய் எங்கோ கழன்றிருக்கலாம், ஊற்றிய தண்ணீர் வண்டிக்குள் போகிறது. இந்த மூன்றில் எது என்பதைப் பொறுத்துத்தான் மீதி எல்லாம்.

எனக்கு இரண்டாவது. தேங்கி நின்றது. வீட்டில் சும்மா கிடந்த தென்னை ஈர்க்குச்சியை விட்டேன். இரண்டு சாண் போனதும் ஒடிந்து, நுனி உள்ளேயே தங்கியது. ஈர்க்குச்சிக் கதை அவ்வளவுதான்.

காற்றும் நரம்பும்

அதிகம் பேர் சொல்வது காற்று. சும்மா சொல்லக்கூடாது, பார்க்கும்போது அசத்தலாகத்தான் இருக்கிறது. பஞ்சர் கடைக்கு ஓட்டிப்போனேன்.

"அண்ணே, பிரஷர் ரொம்ப இருக்குமா?"

"டயருக்கு அடிக்கிற அதே காத்துதான் சார். ரெண்டு நிமிஷம்."

பிரச்சினையே அந்த அதே காற்றுதான். டயரில் 33 பிஎஸ்ஐ வந்ததும் அளவு பார்த்து நிறுத்திவிடுகிறார். ஆனால் கம்ப்ரசர் டேங்கில் இருப்பது 100 பிஎஸ்ஐக்கு மேல். துப்பாக்கிபோல் ஒரு முனையை மேல்துளையில் வைத்து அழுத்தினார். புஸ்ஸென்று ஒரு சத்தம், கதவுக் கீல் பக்கம் கறுப்புக் களி தெறித்தது, பின்னாலேயே என் ஈர்க்குச்சித் துண்டும் வந்து விழுந்தது. டம்ளர் தண்ணீர் ஊற்றினோம், கீழே கொட்டியது. ஐம்பது ரூபாய் கொடுத்துவிட்டு, இவ்வளவு சுலபமா என்று சிரித்துக்கொண்டே வந்தேன்.

அடுத்த பெரிய மழையில் கார்பெட் நனையவில்லை. அதற்குப் பதிலாக முன் தூணின் பிளாஸ்டிக் மூடி உச்சியிலிருந்து டாஷ்போர்டு ஓரத்துக்குக் கோடுபோல் வடிந்தது.

என்ன நடந்தது என்று பிறகு பிரித்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. குழாயின் மேல்முனை வாய்க்காலின் சின்ன மூக்கில் சும்மா அழுத்திச் செருகியிருக்கிறது, அவ்வளவுதான். பிசினோ ஸ்க்ரூவோ கிடையாது. கீழே அடைப்பு இருக்கும்போது மேலிருந்து காற்றடித்தால், போக வழியில்லாத காற்று பலவீனமான இடத்தைத் தேடும். அடைப்பு விடுபடும் அதே நொடியில் மூக்கும் நெகிழ்ந்திருக்கிறது. ஒரு டம்ளர் தண்ணீருக்குத் தாங்கியது, மழைக்கும் வண்டியின் குலுக்கலுக்கும் கழன்றுகொண்டது. காற்று அடைப்பை எடுக்காது என்று சொல்ல மாட்டேன்; எடுக்கும். ஆனால் எடுத்த கையோடு வேறொன்றையும் பிடுங்கினால், அது அன்றைக்கே தெரியாது. காற்றுதான் வேண்டும் என்றால் சைக்கிளுக்கு அடிக்கும் கைப் பம்ப் போதும், அதையும் கீழ்முனையிலிருந்து. அப்போது குப்பை வாய்க்காலுக்கு ஏறி வரும், துணியால் துடைத்தெடுக்கலாம்.

நரம்பு இதற்கு நேரெதிர். புல் வெட்டும் மெஷினில் போடுகிற நைலான் நரம்பு, 2 மி.மீ. பருமன், ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். தடித்த தூண்டில் நரம்பும் ஆகும். வாங்கியதும் வளையம் வளையமாகத்தான் இருக்கும். வெந்நீரில் போட்டு நீட்டிப் பிடித்தால் கொஞ்சம் நிமிரும், சுருள் புத்தி முழுசாகப் போகாது. நுனியைத் தீக்குச்சியில் காட்டி, உருகியதும் ஈர விரலால் தொட்டு மிளகுபோல் உருண்டையாக்கிக்கொள்ளுங்கள். சீவின நுனி குழாயின் பக்கவாட்டில் குத்தி நிற்கும், உருண்டை நுனி வளைவில் வழுக்கிப் போகும். வெறும் தள்ளல் வேண்டாம். விரலில் உருட்டிக்கொண்டே விடுங்கள். முட்டினால் ஒரு சாண் இழுத்துவிட்டு மறுபடி. களிக்குள் நுழைவது கையில் தெரியும்: கல்லில் முட்டுவதுபோல் இருக்காது, மண்ணில் ஆணி இறங்குவதுபோல் இருக்கும்.

நேரம் பிடிக்கும் வேலை. ஒரு குழாய்க்கு அரை மணி நேரம் எனக்கு ஆனது. ஆனால் மூக்கைக் கழற்றும் பலம் நரம்புக்குக் கிடையாது, எனக்கு அதுதான் முக்கியம். குறையும் உண்டு. நரம்பும் தள்ளத்தான் செய்கிறது. மேலேயிருந்து கொண்டுபோன குப்பையைக் கீழ்முனை ரப்பர் மூடியில் சேர்த்து இறுக்கிவிடலாம். ரப்பர் மூடி கைக்கு எட்டுமானால் முதலில் அதைப் பிதுக்கி அழுக்கை எடுத்துவிட்டு அப்புறம் நரம்பை விடுங்கள்.

நரம்புக்குப் பதில் சைக்கிள் பிரேக் கம்பி விடலாம் என்று ஒரு நண்பர் சொன்னார். கம்பியின் நுனி பிரிந்தால் முள்மாதிரி. உள்ளே குழாயைக் கிழித்துவிட்டால் அப்புறம் கூரைத் துணியை இறக்காமல் கண்டுபிடிக்கவே முடியாது. வேண்டாம்.

வேக்யூம்

காற்றும் நரம்பும் தள்ளுகின்றன, வேக்யூம் இழுக்கிறது. கீழ்முனையில் வைத்து உறிஞ்சும்போது மேல்மூக்கில் வெளிப்பக்கமாக அழுத்தம் கிடையாது, குழாய் மூக்கை விட்டு நழுவும் பயம் குறைவு. இதற்கு வேண்டியது ஈரத்தையும் உறிஞ்சும் வகை. வீட்டில் தூசி உறிஞ்சும் சாதாரண மெஷினில் தண்ணீர் போனால் மோட்டார் போகும், ஷாக் அடிக்கவும் கூடும்.

வாட்டர் வாஷ் கடைகளில் அந்த வகை இருக்கும். "தம்பி, சீட்டுக்குப் போடறதுக்கு முன்னாடி இங்க ஒரு நிமிஷம் வைக்கலாமா?" என்று கேட்டதற்கு அந்தப் பையன் சிரித்துவிட்டுச் சரி என்றான். மெஷின் வாய் பெரிது, குழாய் நுனி சிறிது. இடையில் சைக்கிள் டியூப் ஒரு சாண் வெட்டி இரண்டையும் இணைத்தோம். மேலே நான் தண்ணீர் ஊற்ற, கீழே அவன் உறிஞ்ச, முதலில் ஒன்றுமில்லை, திடீரென்று டியூப் துடித்தது. ஆனால் இது வலது முன்குழாய், அங்கே அரைகுறை அடைப்புதான். கெட்டியாகக் காய்ந்த களியை வேக்யூம் மட்டும் அசைக்காது. பின்பக்கத்து ஒரு குழாயில் அதை அனுபவித்தேன். இரண்டு தடவை நரம்பு விட்டு உடைத்த பிறகுதான் மெஷின் இழுத்தது. ஆக, நரம்பு உடைக்கட்டும், வேக்யூம் எடுக்கட்டும், டம்ளர் தண்ணீர் சாட்சி சொல்லட்டும். காற்றை நான் இனி கூப்பிடுவதாக இல்லை.

குழாய் சுத்தம் செய்ய ஆசிட், தின்னர், பெட்ரோல் என்று எதையும் ஊற்றாதீர்கள். இளஞ்சூடான சோப்புத் தண்ணீர் போதும்.

கழன்றுவிட்டால்

டம்ளர் சோதனையின் மூன்றாவது நிலை என்றால் மேலே சொன்ன எதுவும் உதவாது, விடவிடக் கேடு. கூரைத் துணியை இறக்கிக் குழாயைத் திரும்பச் செருக வேண்டும். சர்வீஸ் சென்டரில் எனக்குப் போட்டுக்கொடுத்த எஸ்டிமேட் ஐந்து இலக்கம். கூரைத் துணியையே புதிதாக மாற்றச் சொன்னார்கள். துணியில் ஒரு கறை இருந்தது உண்மை. கறைக்கு அவ்வளவா என்று யோசித்துவிட்டு, சீட் கவரும் கூரைத் துணியும் தைக்கும் ஒரு கடைக்காரரிடம் போனேன். பாட்டரி ஒயரைக் கழற்றிவிட்டுத்தான் தூண் மூடியில் கை வைத்தார், அதற்காகவே அவரை நம்பினேன். இன்றைய வண்டிகள் பலவற்றில் அந்தத் தூணின் ஓரமாகவே பக்கவாட்டு ஏர்பேக் போகிறது. யூடியூப் பார்த்து நாமே பிடுங்கிப் பார்க்கும் இடம் அது இல்லை. குழாயைச் செருகி, ஒரு கிளிப் போட்டு இறுக்கினார். மதியத்துக்குள் வேலை முடிந்தது.

அதற்காகச் சர்வீஸ் சென்டரை ஒதுக்கச் சொல்லவில்லை. வண்டி வாரண்டியில் இருந்தால், வெளியாள் கூரையைத் தொட்டார் என்பதையே காரணமாகச் சொல்லிக் கைவிரித்துவிடலாம். அடைப்பைப் பொதுவாகப் பராமரிப்புக் கணக்கில் தள்ளுவார்கள். குழாய் தானே கழன்றதென்றால் வாரண்டியில் கேட்டுப்பார்க்கலாம். எனக்கு வாரண்டி முடிந்திருந்தது, போதாக்குறைக்குக் கழற்றியதும் நான்தான்.

"கண்ணாடியைச் சுத்தி சிலிக்கான் அடிச்சுட்டா விஷயம் முடிஞ்சுது சார்" என்று சொன்ன ஒருவரும் உண்டு. சன்ரூஃப் இனித் திறக்காது. அடைப்பு அப்படியே இருக்கும். வெயிலில் சிலிக்கான் விட்டுக்கொடுக்கும் அன்று மறுபடி கார்பெட் நனையும்.

இன்னொன்று. அடைப்பை எடுத்ததோடு நாற்றம் போகாது. கார்பெட்டுக்கு அடியில் இருக்கும் பஞ்சு, மேலே காய்ந்த பிறகும் தண்ணீரைப் பல நாள் வைத்திருக்கும். சில வண்டிகளில் ஒயரிங்கும் எலெக்ட்ரானிக் பெட்டிகளும் அதே கார்பெட்டுக்கு அடியில்தான். நான் முதலில் டேபிள் ஃபேன் வைத்துப் பார்த்து, வாசனைப் புட்டி தொங்கவிட்டு, கடைசியில் சீட்டைக் கழற்றிக் கார்பெட்டைத் தூக்கி மூன்று நாள் வெயிலில் வைத்தபிறகுதான் மூச்சு விட முடிந்தது.

இப்போது வருடத்துக்கு இரண்டு தடவை நரம்பை எடுக்கிறேன்: புங்கம்பூ கொட்டி ஓய்ந்ததும் ஒன்று, வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் செப்டம்பர் கடைசியில் ஒன்று. நான் மேலே டம்ளரோடு, மனைவி கீழே குனிந்தபடி. முன் இரண்டும் கதவுக் கீல் பக்கம் பளிச்சென்று தெரியும், "வருது, வருது" என்பாள். பின் வலதும் தெரியும். பின் இடது மட்டும் எங்கே முடிகிறது என்று இன்றுவரை பிடிபடவில்லை. பம்பருக்குப் பின்னால் எங்கோ போகிறது. ஊற்றிய கொஞ்ச நேரத்தில் சிமெண்ட் தரையில் கையகலத்துக்கு ஈரம் படரும், அதைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியை மூடிவிடுவோம்.