பெங்களூரு அருகே ‘வாழும் வரலாற்றுக் கிராமம்’ என்ற விளம்பரத்தைப் பார்த்துப் பணம் கட்டுவோர் கவனத்திற்கு

கடந்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் மனைவி, இரண்டு பிள்ளைகள், ஆரணியிலிருந்து வந்திருந்த என் தந்தை ஆகியோருடன், பெங்களூருக்கு வெளியே அமைந்துள்ள ஒரு தனியார் ‘பாரம்பரியக் கிராமத்துக்கு’ச் சென்று, ஐயாயிரம் ரூபாய்க்கு மேல் செலவழித்து, ஏமாற்றப்பட்டுத் திரும்பினோம். நுகர்வோர் ஆணையத்தில் முறையிடத் தயாராகி வருவதால், அந்த இடத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. ஆயினும் அதே வகையான விளம்பரம் பள்ளி விடுமுறை நெருங்கும்போதெல்லாம் கைப்பேசியில் வந்துகொண்டே இருக்கிறது. அதை நம்பி அல்சூரிலிருந்தும் இந்திரா நகரிலிருந்தும் தமிழ்க் குடும்பங்கள் பல கிளம்புவதை நான் அறிவேன். ஆகவே நடந்ததை விரிவாகப் பதிவு செய்கிறேன்.

விளம்பரம் சொன்னது இதுதான்: நூறாண்டு பழமையான வீடுகள், வேலை செய்துகொண்டிருக்கும் குயவர், நெசவாளர், செக்காட்டுபவர், வாழையிலையில் பன்னிரண்டு வகை உணவு, எல்லாம் நுழைவுக் கட்டணத்திலேயே அடக்கம். பெரியவர்களுக்கு 900 ரூபாய், சிறுவர்களுக்கு 600 ரூபாய். ஐந்து பேருக்கு 3,900 ரூபாய் என்று பார்த்துச் சம்மதித்த பிறகு, பணம் செலுத்தும் கடைசிப் பக்கத்தில் ‘கையாளும் கட்டணம்’ என்ற பெயரில் மேலும் 273 ரூபாய் சேர்ந்தது. அப்போதே நான் நிறுத்தியிருக்க வேண்டும். தாத்தாவுக்குத் தறியைக் காட்டப் போகிறோம் என்று பிள்ளைகள் துள்ளிக்கொண்டிருந்ததால் செலுத்திவிட்டேன்.

என் தந்தை நாற்பதாண்டுகளுக்கும் மேலாகப் பட்டு நெய்தவர். முழங்கால் வலியால் தறியை விட்டு இறங்கி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. பெங்களூரில் பிறந்து வளர்ந்த என் பிள்ளைகள் அவர் நெய்து ஒருநாளும் பார்த்ததில்லை. அந்தப் பயணத்தின் நோக்கமே அதுதான் என்பதால், மற்றக் குறைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, தறியின் அருகே நடந்ததைச் சற்று நிதானமாகச் சொல்கிறேன்.

வண்டி நிறுத்த 100 ரூபாய் வாங்கினார்கள். கேமராவுக்கு 200 ரூபாய் தனி. ‘நூறாண்டு வீடுகள்’ அனைத்தும் சிமென்டில் வார்த்து மரநிறம் பூசப்பட்டவை. தூணைத் தட்டிப் பார்த்த என் மகனின் விரலில் சாயம் ஒட்டியது. செக்கும் சிமென்டுதான், உலக்கை அசையக்கூட இல்லை. குயவரிடம் உட்காரப் பிள்ளைக்கு 200 ரூபாய் வீதம் கேட்டார்கள். மின்சாரச் சக்கரத்தில் இரண்டு நிமிடம் கையை வைக்கவிட்டு, ஈரப் பானையைச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார்கள். அது வீடு வந்து சேரவில்லை. மாட்டு வண்டிக்குப் பிள்ளைகள் இருவருக்கும் 300 ரூபாய் ஆயிற்று. அந்த வண்டிக்காரர் மட்டுமே அங்கே உண்மையாகத் தம் வேலையைத் தெரிந்து செய்தவர், பிள்ளைகளுக்கு மாட்டின் பெயரைச் சொல்லித் தடவிப் பார்க்கவும் விட்டார் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். பன்னிரண்டு வகைச் சாப்பாடு என்றது, ஒன்றேமுக்கால் மணிக்கு நாங்கள் போனபோது, காகிதத் தட்டில் எலுமிச்சைச் சாதமும் தயிர்ச் சாதமுமாக இருந்தது.

‘நெசவாளர் வீடு’ என்று பலகை மாட்டிய கொட்டகையில் ஒரு குழித்தறி இருந்தது. நெசவாளர் யாரும் இல்லை, சீருடை அணிந்த ஓர் இளைஞர் மட்டும் நின்றிருந்தார். அப்பா குனிந்து பார்த்தார். தறியில் பாதி நெய்யப்பட்டதுபோல் தெரிந்த சேலையின் விளிம்பை இரண்டு விரலால் புரட்டினார். அது கடையில் வாங்கிய விசைத்தறிச் சேலை, மரத்தில் நான்கு ஆணிகளால் அடித்துப் பொருத்தப்பட்டிருந்தது. பாவு என்று, அதாவது நெடுக்கு நூல் என்று, பின்னால் நீட்டிக் கட்டியிருந்த நூல், அதைப் பிரித்துத் தூக்கும் விழுதுக்குள் நுழையவும் இல்லை, சீப்பு போன்ற அச்சின் பல்லுக்குள் கோக்கப்படவும் இல்லை. குறுக்கு நூலைக் கொண்டு ஓடும் நாடாவின் வயிற்றில், நூல் சுற்றிய தாரே இல்லை. “இது நெய்யுற தறி இல்லப்பா, பொம்மை” என்று என்னிடம் மெல்லச் சொன்னார்.

ஆனாலும் பேரப்பிள்ளைகளை ஏமாற்ற மனமில்லாமல், செருப்பைக் கழற்றிவிட்டு, வலிக்கும் காலைக் குழிக்குள் இறக்கி உட்கார்ந்து, மிதியை அழுத்தினால் பாவு எப்படி இரண்டாகப் பிரியும், நாடா எந்த வழியாக ஓடும், ஊடை என்ற குறுக்கு நூல் விழுந்தபின் அச்சை எப்படி இழுத்து அடிக்க வேண்டும் என்று வெறுங்கையாலேயே காட்டத் தொடங்கினார். பக்கத்திலிருந்த இன்னொரு குடும்பமும் வந்து நின்று கேட்டது. அப்போதுதான் அந்த இளைஞர் வந்து, “தாத்தா, முட்டபேடி, எத்தேளி” என்று, தொடாதீர்கள், எழுந்திருங்கள் என்று அதட்டினார். தறியில் உட்கார்ந்து படமெடுக்க ஆளுக்கு 150 ரூபாய்ச் சீட்டு வாங்க வேண்டுமாம். அப்பா நெசவாளர் என்று நான் கன்னடத்தில் எடுத்துச் சொல்லியும் பயனில்லை. அப்பா ஒன்றும் பேசாமல் என் தோளைப் பிடித்து எழுந்தார். எங்களுக்குப் போன பணத்தைவிட இதுவே எனக்கு இன்றும் பொறுக்கவில்லை.

வாழும் அருங்காட்சியகம் என்ற சொல்லுக்கு ஒரு பொருள் உண்டு. ஸ்வீடனின் ஸ்டாக்ஹோம் நகரில் 1891-ஆம் ஆண்டு ஆர்தர் ஹசேலியஸ் திறந்த ஸ்கான்சென், பல ஊர்களிலிருந்த பழைய வீடுகளைப் பெயர்த்துக் கொண்டுவந்து, அவற்றில் மனிதர்கள் அக்கால வேலைகளைச் செய்துகாட்டும் முறையைப் பரப்பியது. அவ்வளவு தூரம் போக வேண்டாம். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 1996 முதல் இயங்கும் தட்சிணசித்ராவில், செட்டிநாட்டு வீடும், கர்நாடகத்தின் இல்கல் நெசவாளர் வீடும், இடிபடவிருந்த பழைய வீடுகளின் மரத்தையும் கல்லையும் கொண்டே மீண்டும் கட்டப்பட்டவை. நமக்கு அருகில், மைசூரு சாலையில் ராமநகரத்தை ஒட்டி, எச். எல். நாகேகவுடா 1994-இல் நிறுவிய ஜனபத லோகாவில் நாட்டுப்புற மக்கள் உண்மையில் புழங்கிய பொருட்கள் உள்ளன. இத்தகைய இடங்கள் சம்பாதித்து வைத்த நம்பிக்கையைத்தான் நாங்கள் போன இடம் விளம்பரத்தில் பயன்படுத்திக்கொள்கிறது.

வரவேற்பு மேசையில் பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, சீட்டின் பின்புறம் பொடி எழுத்தில் அச்சிட்டிருந்த ‘எக்காரணம் கொண்டும் பணம் திருப்பித் தரப்படாது’ என்ற வரியைக் காட்டினார்கள். அப்படி ஒரு வரியை அச்சடித்துவிடுவதாலேயே சேவைக் குறைபாட்டின் பொறுப்பு நீங்கிவிடாது. மறுநாள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைத்தேன். தமிழிலேயே பேச முடிந்தது, புகார் எண்ணும் தந்தார்கள். ஒன்பது நாள் கழித்து அந்த நிறுவனம், பாதித் தொகைக்கு ‘அடுத்த வருகைக்கான கூப்பன்’ தருவதாக எழுதியது. மறுத்துவிட்டேன்.

2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, நாம் குடியிருக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிடலாம், வழக்கறிஞர் கட்டாயம் இல்லை. செலுத்திய தொகை ஐந்து லட்சத்துக்கு உட்பட்டதானால் கட்டணமும் இல்லை. தவறான விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க முடியும். முதலில் ஒரு விலையைக் காட்டி, கடைசிப் பக்கத்தில் வேறு கட்டணங்களைச் சொட்டுச் சொட்டாகச் சேர்ப்பதும் 2023 நவம்பரில் வெளியான வழிகாட்டு நெறிமுறைகளில் தடை செய்யப்பட்ட 13 உத்திகளுள் ஒன்று.

என்னிடம் விளம்பரத்தின் திரைப்பிடிப்பு இருந்ததால்தான் இவ்வளவும் பேச முடிகிறது. நான் புகார் செய்த மூன்றாம் நாளே விளம்பரத்திலிருந்த ‘எல்லாம் அடக்கம்’ என்ற சொற்கள் மறைந்துவிட்டன. எனவே பணம் கட்டும் முன்பே விளம்பரத்தையும் கட்டணப் பக்கத்தையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சீட்டில் ஜிஎஸ்டி எண் இருக்கிறதா என்று பாருங்கள், எங்களுடையதில் இல்லை. நீங்கள் போகும் நாளில் தறியிலும் சக்கரத்திலும் யார் உட்கார்ந்திருப்பார், அவர் எந்த ஊர்க்காரர் என்று தொலைபேசியில் கேளுங்கள். நான் பிறகு வேறு பெயரில் அழைத்து இதே கேள்வியைக் கேட்டபோது, “எல்லாம் செட் பண்ணி வெச்சிருக்கோம் சார்” என்பதைத் தவிர வேறு பதில் வரவில்லை.

தறியில் அடித்திருந்த ஆணிகளை என் மகள் கைப்பேசியில் படமெடுத்திருக்கிறாள். முறையீட்டுடன் அதையும் இணைக்கிறேன். அதே இடத்தில் ஏமாந்தவர்கள் இருந்தால் சீட்டையும் படங்களையும் பத்திரமாக வைத்துக்கொண்டு எனக்குத் தெரிவியுங்கள். பலர் சேர்ந்து முறையிடவும் சட்டத்தில் வழி உண்டு.