இருக்கும் ஸ்டேட் கொலிஜா, பேர்பெற்ற பல்கலைக்கழகமா? மாறுவதற்கு முன் போட வேண்டிய கணக்கு

இங்கே கம்பஸ் மாறுவது என்ற பேச்சே நம் வீடுகளில் எழுவதில்லை. உயர்தரப் (ஏ.எல்.) பெறுபேறு வரும், பல்கலைக்கழக இடத்தைத் தீர்மானிக்கிற இசட் புள்ளி வரும். பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 வீத இடம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில், 55 வீதம் மாவட்ட அடிப்படையில், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு என்று பிரியும். மொறட்டுவை கிடைத்தால் மொறட்டுவை, வந்தாறுமூலை கிடைத்தால் வந்தாறுமூலை. அதனால் அமெரிக்காவில் படிக்கிற பிள்ளை இடையிலேயே ஃபோன் எடுத்து, வேறு யுனிவர்சிட்டிக்கு மாறப்போகிறேன் என்றால் கொழும்பில் இருக்கிற பெற்றோருக்குத் தூக்கம் போய்விடுகிறது. அங்கே அது சாதாரண விஷயம். ஆனால் சாதாரணம் என்பதால் லாபம் என்று ஆகிவிடாது.

எங்கள் வீட்டுக்கு அந்த ஃபோன் போன வருடம் வந்தது. அக்காவின் மகன், சின்ன ஸ்டேட் கொலிஜ், அதாவது மாநில அரசின் கல்லூரி ஒன்றில் கணினி விஞ்ஞானம் படிக்கிறான். "ஒருத்தருக்கும் தெரியாத கொலிஜ் சித்தி இது" என்றான். வெள்ளவத்தையில் அக்காவின் சாப்பாட்டு மேசையில் நகைக்கடைக் கலண்டர் தாள் ஒன்றைத் திருப்பிப்போட்டு நடுவில் கோடு கிழித்தேன். இடப்பக்கம் இருப்பது, வலப்பக்கம் போவது.

முதலில், போக முடியுமா என்பது. உயர்ந்த பல்கலைக்கழகங்கள் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. ஹார்வர்ட் வேறு கல்லூரியில் இருந்து மாறி வருபவர்களில் வருடத்துக்குப் பன்னிரண்டு பேர் அளவில்தான் எடுக்கிறது. பிரின்ஸ்டன் பல பத்தாண்டுகளாக யாரையும் எடுக்காமல் இருந்து 2018இல்தான் மறுபடி தொடங்கியது. கோர்னெல் நூற்றுக்கணக்கில் சேர்க்கிறது. கலிபோர்னியாவில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. யு.சி. எனப்படும் கலிபோர்னியாவின் அரச பல்கலைக்கழகங்கள் அந்த மாநிலத்தின் இரண்டு வருட சமூகக் கல்லூரி மாணவர்களுக்கே முன்னுரிமை கொடுக்கின்றன. டேவிஸ், அர்வைன், சாண்டா பார்பரா உட்பட ஆறு வளாகங்களில், நிபந்தனையைப் பூர்த்தி செய்தால் இடம் நிச்சயம் என்ற ஒப்பந்தமும் அவர்களுக்கு உண்டு. பெர்க்லி, யு.சி.எல்.ஏ., சான் டியாகோ அதில் இல்லை. நான்கு வருட ஸ்டேட் கொலிஜில் இருப்பவர் அந்த வரிசையில் பின்னால்தான் நிற்பார். மாறுகிற எண்ணத்தோடுதான் போகிறோம் என்றால் சமூகக் கல்லூரியில் தொடங்குவதே மேல், குறைந்தபட்சம் கலிபோர்னியாவில். இதை விசா எடுக்கும் முன்பே யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

அடுத்தது கிரெடிட், அதாவது முடித்த பாடங்களுக்குக் கிடைக்கிற, பட்டத்துக்குச் சேர்கிற அலகுகள். நான் அதிக நேரம் இருந்தது இந்த வரியில்தான், ஏனென்றால் பிள்ளைகள் இதைத்தான் மேலோட்டமாகப் பார்க்கிறார்கள். கொலிஜின் ஆலோசகர் ஒருவர் "எல்லாம் போகும்" என்று அவனிடம் சொல்லியிருந்தார். சரி, பாடம் பாடமாகப் பார்ப்போம் என்று சொல்லி, அவன் போக விரும்பிய பல்கலைக்கழகத்தின் இணையத்தில் ஒவ்வொன்றாகத் தேடச் சொன்னேன். இரவு பத்தரை மணி, ஃபோன் ஸ்பீக்கரில். அவன் வாசிக்க வாசிக்க நான் கோடு போட்டேன். 58 கிரெடிட்டில் 41 ஏற்கப்படும். அதிலும் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் பாடம் ஏற்கப்பட்டிருந்தது, ஆனால் பொது விருப்பப் பாடமாக. அவனுடைய துறைக் கணக்கில் அது சேராது. அந்தப் பாடம் இல்லாமல் அல்கோரிதம்ஸ் எடுக்க முடியாது, அது இல்லாமல் அடுத்தது இல்லை. சங்கிலி ஒரு இடத்தில் அறுந்தால் ஒரு வருடம் பின்னால் போகும். ஃபோனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

இது அவனுக்கு மட்டும் நடந்ததில்லை. அமெரிக்க அரசின் கணக்காய்வு அலுவலகம் 2017இல் வெளியிட்ட அறிக்கையில், மாறுகிற மாணவர்கள் சராசரியாக 43 வீத கிரெடிட்டை இழக்கிறார்கள் என்று மதிப்பிட்டிருந்தது. அதோடு, பட்டத்துக்கான கிரெடிட்டில் பாதியையாவது எங்களிடம்தான் எடுக்க வேண்டும் என்று பல உயர்ந்த பல்கலைக்கழகங்கள் விதி வைத்திருக்கின்றன. பெரும்பாலும் புள்ளிச் சராசரியும் கூட வராது. பாடம் வரும், ஏ கிரேட் வராது, புதிய இடத்தில் சராசரி பூச்சியத்தில் இருந்து தொடங்கும்.

அப்புறம் காசு. பேர்பெற்ற தனியார் பல்கலைக்கழகங்களில் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 80,000 டொலரைத் தாண்டும். டொலர் 300 ரூபாய் என்று வைத்தால் இரண்டு கோடி நாற்பது இலட்சம். 2022இல் சில மாதங்களுக்குள் டொலர் 200 ரூபாயில் இருந்து 360க்கு மேல் போனதை நாங்கள் யாரும் மறக்கவில்லை. கிரெடிட் இழந்து கூடுகிற ஒவ்வொரு செமஸ்டரையும் அந்தப் பயத்தோடுதான் எண்ண வேண்டும். இன்னொன்று, முதலாம் வருடத்தில் சேர்பவர்களுக்கான புலமைப்பரிசில்களில் பெரும்பாலானவை மாறி வருபவர்களுக்குத் திறந்திருப்பதில்லை, அதிலும் வெளிநாட்டு மாணவர் என்றால் கதவு இன்னும் ஒடுக்கம். இருக்கிற கொலிஜ் கொடுக்கிற கட்டணச் சலுகையோ மாறிய அன்றே போய்விடும். உதவி எவ்வளவு என்று எழுத்தில் வராமல் வைப்புப் பணம் கட்டவே கூடாது.

விசா பக்கம் பெரிய சிக்கல் இல்லை. செவிஸ் என்ற, வெளிநாட்டு மாணவர்களுக்கான அரச பதிவை ஒரு கல்லூரியில் இருந்து மற்றதற்கு மாற்றி, புதிய கல்லூரி கொடுக்கிற ஐ-20 என்ற மாணவர் பத்திரத்தை வாங்கினால் போதும். பதிவை விடுவித்த நாளில் இருந்து ஐந்து மாதங்களுக்குள் வகுப்பு தொடங்க வேண்டும் என்பதை மட்டும் கவனிக்க வேண்டும்.

கலண்டர் தாளில் இடப்பக்கம் கனத்தது வேலை அனுமதி வரியில். இப்போதைய விதிப்படி ஓ.பி.டி. என்ற வேலைப் பயிற்சிக் காலம் பட்டத்தின் ஒவ்வொரு படிக்கும் 12 மாதம். விஞ்ஞான, தொழில்நுட்பத் துறை என்றால் மேலும் 24 மாதம். கொலிஜ் மாறினாலும் இளமாணிப் பட்டம் ஒன்றுதான், அதனால் அந்தக் காலம் கூடாது. ஸ்டேட் கொலிஜிலேயே நல்ல புள்ளியோடு முடித்து, முதுமாணிக்கோ கலாநிதிக்கோ பெரிய பல்கலைக்கழகம் போனால் அந்தப் பேரும் கிடைக்கிறது, ஓ.பி.டி.யும் இன்னொரு முறை கிடைக்கிறது. கலாநிதிப் படிப்பென்றால் பெரும்பாலும் கட்டணத்தை அவர்களே ஏற்று மாதக் கொடுப்பனவும் தருவார்கள். கணினி, இயற்பியல், இரசாயனம் படிக்கிற பிள்ளைக்கு நான் தயங்காமல் சொல்வது இந்த வழியைத்தான். சின்ன கொலிஜில் பேராசிரியருக்குப் பிள்ளையின் பேர் தெரியும், பரிந்துரைக் கடிதம் உண்மையாக இருக்கும்.

அதற்காக மாறவே கூடாது என்று சொல்ல மாட்டேன். எங்கள் மாடிவீடுகளிலேயே கீழே இருக்கிற வீட்டு மகளும் ஒரு ஸ்டேட் கொலிஜில்தான் இருக்கிறாள். அவளுக்குப் புள்ளிவிபரவியல் வேண்டும். அங்கே இரண்டாம் வருடத்துக்கு மேல் அந்தப் பாடமே இல்லை. அவளுக்கு இது பேர் பற்றிய கேள்வியே இல்லை, படிக்க வந்த பாடம் அங்கே கிடையாது. அவள் மாறத்தான் வேண்டும். கொழும்பில் ஃபுல்பிரைட் ஆணைக்குழுவின் எடியுகேஷன் யு.எஸ்.ஏ. ஆலோசனைப் பிரிவில் காசில்லாமலே விளக்கம் கேட்கலாம் என்று அவளுடைய அம்மாவிடம் சொன்னேன். காசு வாங்கும் முகவரிடம் போகுமுன் அங்கே போவது நல்லது. முதலாம் வருடத்திலேயே விண்ணப்பித்தால் பல்கலைக்கழகங்களில் ஏ.எல். பெறுபேற்றை அதிகம் பார்ப்பார்கள், இரண்டாம் வருடத்தில் விண்ணப்பித்தால் கொலிஜ் புள்ளிகளை. அவளுடைய ஏ.எல். சுமார், கொலிஜ் புள்ளி நல்லது, ஆகவே இரண்டாம் வருடம்தான் சரி.

அக்கா மகன் அந்த வாரமே தன் பேராசிரியரின் அறைக்குப் போய் ஆய்வுகூடத்தில் வேலை கேட்டான். இப்போது வாரத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம் அங்கே இருக்கிறான். கீழ்வீட்டு மகள், கிரெடிட் கணக்குப் பார்க்கும்போது காட்டுவதற்காக, இதுவரை எடுத்த ஒவ்வொரு பாடத்தின் பாடத்திட்டத்தையும் பி.டி.எஃப். ஆகச் சேர்த்து வைக்கிறாள். எட்டு வந்துவிட்டது, இரண்டு பாக்கி. ஒரு விரிவுரையாளர் இன்னும் பதில் போடவில்லை.